அண்ணன் போட்டுக் கொடுத்த தரை

நாற்பத்தாறு வயதாகியும் அவள் பெயர் குட்டிதான். சான்றிதழில் வேறு ஒரு நீளமான பெயர் இருந்தது; அதை யாராவது கூப்பிட்டால் அவளே ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ‘ஓ, நான்தானே’ என்று எழுந்திருப்பாள். வீட்டில் குட்டி, தெருவில் குட்டியக்கா, நூற்பாலை அலுவலகத்தில் ஆபரேட்டர் மேடம். ஆலைக்கு வெளியிலிருந்து வரும் எந்த அழைப்பும் முதலில் அவள் காதுக்குத்தான் வரும். “ஐயா மீட்டிங்ல இருக்காங்க”, “இப்ப பேச முடியாதுங்க”, “நாளைக்கு முயற்சி பண்ணுங்களேன்” என்று நாள் முழுக்க யார் யாருக்கோ இல்லை என்று சொல்வதுதான் அவள் பிழைப்பு. அவள் சொல்லும் பக்குவத்தில், கேட்டவர்கள் கோபப்படுவதற்குப் பதில் நன்றி சொல்லிவிட்டு வைப்பார்கள்.

மூன்று வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. வெளியே கிளம்பும்போது இரும்புப் பட்டையும் தோல் வாரும் வைத்த காலிப்பரை மாட்டி, அதோடு சேர்ந்த பூட்ஸைப் போட்டுக்கொள்வாள். வேலை விட்டு வந்ததும் முதல் காரியம் அதைக் கழற்றிப் போடுவது. நாளெல்லாம் வார் இறுக்கிய தொடை கன்றிச் சிவந்திருக்கும். வீட்டுக்குள் வெறுங்கால்தான். இடது முழங்கால் மடங்கிவிடாமல் இடது கையால் தொடையை அழுத்தி ஊன்றிக்கொண்டு, பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து நடப்பாள். அந்த நடைக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பாதத்தை வைத்தால் அது வைத்த இடத்தில் நிற்க வேண்டும்.

அவளும் கணவரும் வாடகை வீட்டுச் சிமென்ட் தரையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, கடைசியில் சொந்தமாக ஒரு வீடு கட்டினார்கள். கணவர் தையல் மெஷின் மெக்கானிக். வீடு வீடாகப் போய் மெஷின் ரிப்பேர் செய்பவர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். ஆனால் வாயைத் திறந்தால் ஏதாவது ஒரு குசும்பு இல்லாமல் மூடாதவர். ஒரே மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். சுவர் எழும்பி, கூரை போட்டு, பூச்சு வேலையும் முடிந்து, தரை போட வேண்டிய கட்டம் வந்தபோது குட்டி சொன்னாள்: “மத்ததெல்லாம் நீங்க பார்த்துக்கிட்டீங்க. தரைக்குக் கல்லு மட்டும் நான்தான் பார்ப்பேன்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் கல் கடைக்குப் போனார்கள். கடை என்று பெயர்தானே தவிர, அது பெரிய தகரக் கொட்டகை. மரச்சட்டங்களில் சாய்த்து நிறுத்திய பலகைக் கற்கள், கொட்டகையின் மூலையில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே கல்லறுக்கும் ரம்பம், எங்கு பார்த்தாலும் வெள்ளைத் தூசி. சாம்பிள் துண்டுகளைத் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்கள். மற்றவர்கள் அவற்றைக் குனிந்து பார்த்தார்கள், கையால் தடவினார்கள். குட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலிப்பரைக் கழற்றி வைத்துவிட்டு, கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கல்லின் மேலும் ஏறி நின்றாள்.

கிரானைட்டில் நின்ற மாத்திரத்தில் இடது பாதம் முன்னே ஓடியது. மணற்கல் நன்றாகப் பிடித்தது. ஆனால் பாதத்தைத் துடைத்தால் மணல் ஒட்டிக்கொண்டு வந்தது. ஸ்லேட் கல் ஏடு ஏடாக உரிந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு சுண்ணாம்புக்கல். பாலிஷ் போடாதது; வெட்டியெடுத்த முகம் அப்படியே இருந்தது. லேசான மேடும் பள்ளமும் உள்ளங்காலுக்குத் தெரிந்தன. ஒரு குவளைத் தண்ணீரைக் கொண்டுவந்து அதன்மேல் ஊற்றச் சொன்னாள். ஈரத்திலும் பாதம் அசையவில்லை. கணவரின் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு நின்று பார்த்தாள். அசையவில்லை.

“இதுதான்” என்றாள்.

“என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப” என்று ஆரம்பித்தார் மெக்கானிக்.

“நீங்கதானே என்னைப் பார்க்க வந்தீங்க?”

“சரி, வந்தப்ப. என்னைப் பிடிச்சிருக்குன்னு சொல்ல உனக்கு அரை நிமிஷம் ஆகலை. கல்லுக்கு அரை நாளா?”

“உங்க மேல நான் நடக்கப் போறதில்லையே.”

“அதான் நடந்துக்கிட்டு இருக்கியே” என்றார் அவர். ரம்பத்தின் இரைச்சலையும் மீறிக் குட்டி சிரித்துவிட்டாள். கல்லின் மேல் சாக்பீஸால் அவள் பெயரை எழுதி, ஓரமாக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

அவள் அண்ணன் வந்து சேர்ந்தது அடுத்த வாரம்.

அண்ணன் அவளைவிட ஒன்பது வயது மூத்தவர். குட்டி பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் அவர் தோளில்தான் போனாள். வழியில் எவனாவது நொண்டி என்று சொன்னால், அவளை இறக்கி ஒரு திண்டில் உட்கார வைத்துவிட்டு, போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கிவிட்டு, வந்து மறுபடி தூக்கிக்கொள்வார். லாரி கிளீனராக ஆரம்பித்து, இப்போது சொந்தமாகச் சில லாரிகள் ஓட்டுகிறார். அவர் பாசம் அவர் லாரி மாதிரிதான். தூரத்தில் வரும்போதே சத்தம் கேட்கும், குறுக்கே யாரும் நிற்க முடியாது.

“தரை என் பொறுப்பு” என்றார் வந்ததும் வராததுமாக. “மாப்பிள்ளை, நீங்க எதுவும் பேசக்கூடாது. என் தங்கச்சி வீட்டுக்கு நான் ஒண்ணும் செய்யலைன்னா எப்படி?”

“கல்லு பார்த்து வச்சாச்சுண்ணா” என்றாள் குட்டி.

“எந்தக் கல்லு? வா, காட்டு.”

வேண்டாம், எங்களுக்கே முடியும் என்று மெக்கானிக் தன் பாணியில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். ஒற்றைக்காலில் நிற்பது என்றால் என்னவென்று நிஜமாகவே தெரிந்தவள் அந்த வீட்டில் ஒருத்திதான். அவள் பேசாமல் காலிப்பரை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மெக்கானிக்கும் அண்ணியும் கூட வந்தார்கள்.

சாக்பீஸ் பெயர் எழுதிய கல்லைப் பார்த்ததும் அண்ணன் முகம் சுண்டிவிட்டது. “இதென்ன, மாட்டுக் கொட்டகைக்குப் போடுறதா?” என்றார். கடைக்காரர் சட்டென்று அவரை உள்பக்கம் அழைத்துப் போனார். அங்கே பளிங்குப் பலகைகள் நின்றன. பால் வெள்ளையில் மெல்லிய சாம்பல் ரேகைகள். மேலிருந்த டியூப் லைட் அதற்குள் முழுசாகத் தெரிந்தது. அண்ணன் அதைத் தொட்டார். தொட்ட கையை எடுக்கவில்லை.

“குட்டி, உனக்கு ஞாபகம் இருக்கா? அப்பா ஒரு பெரிய வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போனாரே. உனக்கு ஆறு வயசு இருக்கும். நான்தான் உன்னைத் தூக்கிக்கிட்டு அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போனேன். இதே மாதிரி வெள்ளைத் தரை. நீ ஆசையா இறங்கி நடந்தே. அந்த வீட்டம்மா ஓடி வந்து, ‘அந்தப் பொண்ணைத் தூக்குங்க, காலை இழுத்து இழுத்துத் தரையைக் கீறிடப் போகுது, வெளியில கொண்டுபோய் உட்கார வைங்க’ன்னுச்சு. அப்பா தலை குனிஞ்சு நின்னாரு. அன்னைக்கு நினைச்சேன். என் தங்கச்சி ஒருநாள் இதைவிட நல்ல தரையில நடப்பா. அவ வீட்டுல. அவ இஷ்டத்துக்கு.”

அவர் குரல் கடைசியில் உடைந்தது. ரம்பம் ஓட்டிக்கொண்டிருந்தவர் அதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வியாபாரத்துக்காகத் துடைத்தாரா, உண்மையாகவே துடைத்தாரா என்று சொல்வதற்கில்லை.

குட்டிக்கு அந்த வீடு நினைவில் இல்லை. எவ்வளவு துழாவிப் பார்த்தும் அந்த அம்மாளும் வரவில்லை, அந்தத் தரையும் வரவில்லை. ஆனால் நாற்பது வருஷமாக இந்த மனிதர் அதை நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார் என்பது மட்டும் கண்ணெதிரே தெரிந்தது. ‘எனக்கு வழுக்கும்ணா’ என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதை எந்த முகத்தோடு சொல்வது? நாள் முழுக்க ஊருக்கெல்லாம் இல்லை சொல்லிப் பழகிய நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

“என்ன குட்டி? பிடிச்சிருக்கா?”

“உங்க இஷ்டம்ணா” என்றாள்.

மெக்கானிக் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில், “நான் வேணா மச்சான்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லட்டுமா?” என்று கேட்டார். “நீங்க சொன்னா அது உங்க வாயால வந்ததா போயிடும். எனக்கும் அவருக்கும் நடுவுல நீங்க மாட்டிக்க வேணாம்” என்றாள் குட்டி. “நான் பழகிக்கிறேன்.”

பளிங்கு வந்து இறங்கியது. பதித்தார்கள். இடுக்குகளில் வெள்ளைச் சிமென்ட் அடைத்தார்கள். பாலிஷ்காரர் மெஷினைக் கொண்டுவந்து, சுற்றும் கல்லை மாற்றி மாற்றி, தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்து, கண்ணாடியாக்கிவிட்டுப் போனார். குடிவந்த அன்று அண்ணன்தான் அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். காலிப்பரோடும் பூட்ஸோடும் நடந்ததால் தட்டுத் தடுமாறியும் சமாளித்துவிட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். அவர்கள் போனபின் காலிப்பரைக் கழற்றிவிட்டு வெறுங்காலைக் கீழே வைத்தாள். குளிர்ந்த எண்ணெயில் வைத்த மாதிரி இருந்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, தொடையில் கையை ஊன்றி ஓர் அடி எடுத்து வைத்ததும் பாதம் அவளைக் கேட்காமல் தன்பாட்டுக்குக் கிளம்பிவிட்டது. மெக்கானிக் ஓடி வந்து அணைத்துப் பிடித்திராவிட்டால் அன்றைக்கே இடுப்பு போயிருக்கும்.

அதன்பிறகு அந்த வீட்டில் குட்டிக்கென்று ஒரு தனி வரைபடம் உண்டானது. படுக்கையறைக் கதவிலிருந்து சுவரோரமாகவே போனால் குளியலறை. அங்கிருந்து ஜன்னல் விளிம்பைப் பிடித்து, அலமாரியைப் பிடித்து, ஃபிரிட்ஜைப் பிடித்தால் சமையலறை. கூடத்தின் நடுப்பகுதி அவளைப் பொறுத்தவரை நடுக்கடல். ஆசையாக வாங்கிய சோபா அந்தக் கடலுக்கு அக்கரையில் கிடந்தது. வாடகை வீட்டில் சமைத்துக்கொண்டே பத்துத் தடவை வாசலுக்குப் போய் வந்தவள், இங்கே காலிங்பெல் அடித்தால், “யாரு? கொஞ்சம் இருங்க, வர்றேன்” என்று உள்ளிருந்தே குரல் கொடுத்துவிட்டுச் சுவர் சுவராக ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் வந்தவர் போயிருப்பார். வீட்டுக்குள்ளும் காலிப்பரையே மாட்டிக்கொண்டு இருந்து பார்த்தாள். தொடையில் புண் வந்தது.

மெக்கானிக் ரப்பர் பாய்கள் வாங்கி வந்து, அவள் போகிற வழியெல்லாம் விரித்தார். கறுப்புப் பாய்கள், வெள்ளைத் தரையில் தார் ரோடு போட்ட மாதிரி இருந்தது. “நம்ம வீட்டுக்குள்ளயே நெடுஞ்சாலை வந்துடுச்சு. இனி சுங்கச்சாவடி ஒண்ணுதான் பாக்கி” என்றார். குட்டிக்கு மூச்சு வந்தது. நான்கைந்து நாள் நிம்மதியாக நடந்தாள்.

அதற்குள் அண்ணன் வந்துவிட்டார். வாசலில் நின்று பார்த்தவர் பதறிப்போனார். “என்ன இது? இவ்வளவு அழகான தரையைப் போட்டு மூடி வச்சிருக்கீங்க? கீறல் விழும்னா? விழுந்தா விழட்டும் குட்டி, மறுபடியும் பாலிஷ் போட்டுத் தர்றேன். அனுபவிக்கிறதுக்குத்தானே போட்டேன்?” தானே குனிந்து ஒவ்வொரு பாயாகச் சுருட்டி மூலையில் நிறுத்தினார். அவர் சுருட்டச் சுருட்ட, சமையலறை வாசலில் நின்றிருந்த குட்டிக்கு முன்னால் வழி மறைந்துகொண்டே வந்தது. அவர் கிளம்பும்வரை அவள் அந்த வாசல் நிலையைப் பிடித்தபடியே நின்றாள். சமையல் வேலையாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

அதுமுதல், அண்ணன் வருகிறார் என்று தெரிந்தால் பாயைச் சுருட்டிக் கட்டிலடியில் தள்ளுவதும், போனதும் விரிப்பதுமாக ஆனது. திருட்டுப் பொருளை ஒளிப்பதுபோல் இருவரும் அவசர அவசரமாகச் செய்வார்கள். அண்ணனோ சொல்லிவிட்டு வருகிற ஆளில்லை. எந்த லாரி சத்தம் கேட்டாலும் குட்டியின் கை பாயைத் தேடியது. அவர் வராத நாட்களிலும் காது வாசலிலேயே கிடந்தது. தன் வீட்டில் தான் நடப்பதற்கு யாருக்கும் தெரியாமல் நடக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்தால் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. தோளில் தூக்கிச் சுமந்தவர்மேல் காட்ட முடியுமா?

ஒரு சனிக்கிழமை மதியம் மெக்கானிக் வேலைக்குப் போயிருந்தார். போன் வந்தது. “குட்டி, தெருமுனைக்கு வந்துட்டேன். கூட நம்ம லாரி சங்கத்து ஆளுங்க இருக்காங்க, குடும்பத்தோட. தரையைப் பார்க்கணும்னு ஒரே ஆசை.”

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தரையில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து பாய்களைச் சுருட்டிக் கட்டிலடியில் தள்ளினாள். வாசலில் செருப்புகள் கழலும் சத்தம் கேட்டபோது, தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு, பக்கத்தில் கிடந்த நாற்காலியைத் தள்ளிக்கொண்டே நடுக்கூடம் வரை வந்து, அதிலேயே உட்கார்ந்துவிட்டாள். காலிப்பர் மாட்ட நேரமில்லாமல் படுக்கையறையிலேயே கிடந்தது.

இரண்டு தம்பதிகள். கூடவே அண்ணியும். வந்தவர்கள் பாதத்தைத் தரையில் சறுக்கிச் சறுக்கிப் பார்த்தார்கள். “முகம் பார்த்துத் தலை வாரலாம் போலிருக்கே” என்றாள் ஓர் அம்மாள். அண்ணன் அந்தப் பெரிய வீட்டுக் கதையை முதலிலிருந்து சொன்னார். கேட்டவர்கள் குட்டியைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவளும் சிரித்தாள். அண்ணி சமையலறைக்குப் போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். குட்டி மரியாதைக்காக எழப் பார்த்தபோது, “நீ உட்காரு, நீ எதுக்கு எழுந்திரிக்கிறே?” என்று அண்ணன் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தார். எல்லாருக்கும் உட்கார இடம் வேண்டுமே என்று, பிடித்துப் போவதற்கு வாகாக இருந்த மற்ற நாற்காலிகளையும் இழுத்துத் தூரப் போட்டுக்கொண்டார்.

டீ குடித்த கொஞ்ச நேரத்தில் அவளுக்கு ஒன்றுக்கு வந்தது.

குளியலறைக் கதவு நேர் எதிரே தெரிந்தது. பூட்ஸ் போட்ட காலுக்கு அது ஒரு தூரமே இல்லை. அவளுக்கும் அதற்கும் நடுவே வெள்ளையாக, வெறுமையாகத் தரை மின்னியது. அண்ணியிடம் ‘ஒரு கை கொடுங்கண்ணி’ என்று கேட்கலாம்; வந்த மாதிரியே நாற்காலியைத் தள்ளிக்கொண்டும் போகலாம். எப்படிப் போனாலும் எல்லார் முன்னாலும் வழுக்கி வழுக்கித்தான் போக வேண்டும். அண்ணன் பார்ப்பார். அவர் சொல்லி முடித்த கதையின் ஈரம் காய்வதற்குள் அவர் முகத்தில் அடித்த மாதிரி ஆகும். அடக்கிக்கொண்டாள். பேச்சு டீசல் விலைக்குப் போனது, டிரைவர்கள் கிடைக்காத கஷ்டத்துக்குப் போனது, யாரோ ஒருவருடைய மகன் வெளிநாட்டில் வீடு வாங்கியதற்குப் போனது. எவரும் எழுந்திருக்கிற வழியாக இல்லை. அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். முதுகில் வியர்த்தது. தன் வீட்டுக் கூடத்தில், தன் நாற்காலியில், தன் அண்ணன் பக்கத்தில் இருக்கும்போது, யாரோ கட்டிப் போட்டுவிட்டு மறந்துபோன மாதிரி இருந்தது. “என்ன குட்டி, பேச்சையே காணோம்?” என்று அண்ணன் கேட்டதற்கு, “தலைவலிண்ணா” என்றாள். அப்போதும் அவர்கள் கிளம்பவில்லை. ஒரு தைலத்தின் பெயரைச் சொல்லி, அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

ஒருவழியாக எல்லாரும் எழுந்தார்கள். அண்ணன் கதவைச் சாத்திவிட்டுப் போனார். லாரிக்காரர்களின் கார் கிளம்பும் சத்தம் கேட்பதற்கு முன்பே குட்டி நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் ஊன்றி, உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். உட்கார்ந்து நகர்வதற்கு அந்தத் தரையைப் போல உலகத்திலேயே கிடையாது. வழவழவென்று போனது. குழந்தையில், அண்ணன் தூக்கிச் சுமக்க ஆரம்பிப்பதற்கும் முன்னால், இப்படித்தான் வீட்டுக்குள் வளைய வந்தாள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

பாதி வழியில் கதவு திறந்தது. மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்ட அண்ணி, அதை எடுக்க வந்து நின்றாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணி கதவைச் சாத்திவிட்டு வந்து, அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, இடுப்போடு அணைத்துக் குளியலறைக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே நின்றாள்.

“எத்தனை நாளா?” என்று கதவுக்கு வெளியே இருந்து கேட்டாள்.

“குடிவந்ததிலேர்ந்து.”

“அவர்கிட்ட ஏன் சொல்லலை?”

உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணியே பேசினாள். “உன்னைச் சொல்லி என்ன. எனக்கு மஞ்சள் கலரே ஆகாது. கல்யாணமான புதுசுல ஒரு மஞ்சள் சேலை எடுத்துட்டு வந்து, ‘எப்படி இருக்கு’ன்னு கேட்டாரு. நல்லாருக்குன்னு சொல்லித் தொலைச்சேன். இன்னைக்கு வரைக்கும் மஞ்சள்தான் எடுக்கிறாரு. பீரோவைத் திறந்தா கண்ணு கூசுது.”

குளியலறைக்குள் குட்டி அழுதுகொண்டே சிரித்தாள்.

“நீங்க சொல்லிடாதீங்கண்ணி” என்றாள் வெளியே வந்ததும்.

“நான் சொன்னா, நான் தூண்டிவிட்டேன்னு ஆகும். உனக்கும் அவருக்கும் நடுவுல பூந்து நான் மீண்டு வர முடியுமா? சொல்றதுன்னா நீதான் சொல்லணும்.” அண்ணி கண்ணாடியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் காரின் ஹாரன் சத்தம் பொறுமையில்லாமல் கேட்டது.

திங்கட்கிழமை ஆலையில், மதிய இடைவேளையில் லைன் ஓய்ந்திருந்த நேரத்தில், குட்டி பாலிஷ்காரருக்குப் போன் போட்டாள். அண்ணன் லோடு ஏற்றிக்கொண்டு தூரப் பயணம் கிளம்பியிருந்தார்; திரும்பி வர ஒரு வாரமாவது ஆகும்.

“பாலிஷ் மங்கிடுச்சாம்மா? அதுக்குள்ளயா?”

“மங்கலைங்க. எடுக்கணும்.”

“எல்லாரும் பாலிஷ் ஏத்தச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. இறக்கச் சொல்றது நீங்க ஒருத்தர்தாம்மா. மெஷின்ல முரட்டுக் கல்லைப் போட்டு ஓட்டினா பளபளப்பு போயிடும். ஆனா சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி ஆயிடும். டீ கொட்டினா கறை பிடிக்கும். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.”

“பிடிச்சா பிடிக்கட்டும். நீங்க வாங்க.”

மெக்கானிக்தான் பயந்தார். “மச்சான் வந்து பார்த்தா?” என்றார். “பார்க்கட்டும்” என்றாள் குட்டி. சொன்னாளே தவிர, அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் மெஷின் ஓட ஆரம்பித்தது. கண்ணாடி மாதிரி இருந்த தரையில் வெள்ளைச் சேறு குழம்பி ஓடியது. ஒரு பகுதியைத் தேய்த்ததும் அலசிவிடச் சொல்லி, குட்டி காலிப்பரைக் கழற்றிவிட்டு இறங்கி நின்றாள். “இன்னும் கொஞ்சம்” என்றாள். மறுபடி தேய்த்தார். மறுபடி நின்றாள். “இன்னும்.” பாலிஷ்காரருக்கு மனசே இல்லை, தன் கையால் பண்ணிய வேலையைத் தன் கையாலேயே அழிக்கிறவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தார். கடைசியில் அவள் எதையும் பிடிக்காமல் கூடத்தின் நடுவே போய் நின்று, “போதுங்க” என்றாள்.

அந்த வாரம் முழுக்க அவள் காரணமே இல்லாமல் நடந்தாள். சமையலறையிலிருந்து வாசல், வாசலிலிருந்து சோபா, சோபாவிலிருந்து ஜன்னல். கண்ணாடி போலிருந்த தரை உப்புக் கட்டி போல மங்கி, ரேகைகள் எல்லாம் வெளுத்துக் கிடந்தன. அழகு என்று சொல்ல முடியாதுதான். ஆனால் ஒவ்வொரு நடையின் முடிவிலும் நெஞ்சுக்குள் ஒரு லாரி வந்து நின்றது. அண்ணனிடம் சொல்ல வேண்டிய வாக்கியங்களை மனசுக்குள் எழுதி எழுதி அழித்தாள்.

அவர் வந்தார். வாசற்படியில் கால் வைத்தவர் அப்படியே நின்றார். ஒருமுறை குனிந்து தடவினார். விரலைப் பார்த்தார்.

“ஏமாத்திட்டானுங்க” என்றார். “பாலிஷ் போயிடுச்சு பாரு! ரெண்டாந்தரக் கல்லைத் தலையில கட்டிட்டான். அந்த பாலிஷ்காரனும் கூட்டு.” சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். “இன்னைக்கு அந்தக் கடைக்காரனை உண்டு இல்லைன்னு பண்றேன்.”

குட்டி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். மெக்கானிக் அவளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். கல்தான் மோசம் என்று ஆகிவிடும். அண்ணனுக்கும் மனசு நோகாது, அவளுக்கும் நடக்கத் தரை கிடைத்துவிட்டது. யாரோ வழியைத் திறந்துவிட்ட மாதிரிதான் இருந்தது. அதே நேரம், அந்த வழியில் ஒருமுறை நுழைந்துவிட்டால், அண்ணன் இதைவிடப் பளபளப்பான ஒரு கல்லோடு அடுத்த மாதமே வந்து நிற்பார் என்பதும் தெரிந்தது. போனில் மறுமுனை, “சொல்லுங்கய்யா” என்றது.

“அண்ணா, போனை வைங்க.”

“நீ சும்மா இரு குட்டி—”

“வைங்கண்ணா. நான்தான் எடுக்கச் சொன்னேன்.”

அண்ணனுக்குப் புரியவில்லை. அவள் எழுந்தாள். தொடையில் கையை ஊன்றி, சாய்ந்து சாய்ந்து, நேராக அவர் முன்னால் வந்து நின்றாள். “எனக்கு வழுக்குச்சுண்ணா. முதல் நாளே வழுக்குச்சு. நீங்க வரும்போதெல்லாம் பாயைச் சுருட்டி ஒளிச்சு வச்சேன். அன்னைக்கு உங்க சங்கத்து ஆளுங்க வந்தாங்களே, அன்னைக்கு நான் நாற்காலியை விட்டு எழுந்திரிக்காம இருந்தது தலைவலியினால இல்லை. பாத்ரூமுக்குப் போக வழியில்லாம உட்கார்ந்திருந்தேன்.”

அண்ணன் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. “ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அந்த வீட்டுல அந்தப் பொம்பளை உன்னை—”

“எனக்கு அந்த வீடே ஞாபகம் இல்லைண்ணா.”

அது அவருக்கு அடியாகத்தான் விழுந்தது. போனை வைத்திருந்த கை மெல்ல இறங்கியது. தரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி தரையைப் பார்த்தார். “டீ போடுறேன், உட்காருங்க” என்று அவள் திரும்பி, கூடத்தின் குறுக்கே எதையும் பிடிக்காமல் சமையலறைக்கு நடந்தாள். அவள் நடக்கிறதை அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார் என்று மெக்கானிக் பிற்பாடு சொன்னார். டீயோடு வந்தபோது அவர் இல்லை. லாரி கிளம்பும் சத்தம்கூடக் கேட்கவில்லை. தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு வந்திருப்பார் போல.

பல வாரங்கள் அவர் வரவில்லை. போன் செய்தால் அண்ணிதான் எடுத்தாள். “இருக்காரு, வெளியில போயிருக்காரு” என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் ஏதோ சொன்னாள். குட்டிக்குத் தரை கிடைத்தும் நிம்மதி கிடைக்கவில்லை. தப்பு செய்துவிட்டேனா என்று கணவரிடம் கேட்டாள். “தப்பில்லை. ஆனா அவர் பாவம்” என்றார் அவர்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. “வரலாமா?” என்றார் அண்ணன். அப்படிக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லாததால் அதட்டுவது மாதிரிதான் கேட்டது. வந்தபோது கூடவே ஒரு வெல்டிங்காரர் இருந்தார், கையில் டேப்போடு.

“சுவர் முழுக்கக் கைப்பிடிக் கம்பி போடப் போறேன்” என்றார் அண்ணன். “எல்லா ரூமுக்கும். சுத்தி வர. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஆஸ்பத்திரியில எல்லாம் போட்டிருக்காங்களே, அந்த மாதிரி. நீ எங்க போனாலும் பிடிச்சுக்கலாம்.”

குட்டி கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தாள். அவருடைய தலைமுடி முன்பைவிட நரைத்திருப்பதாகத் தோன்றியது. ‘உங்க இஷ்டம்ணா’ என்ற அதே பழைய வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது. இந்தத் தடவை அதைச் சொல்லவில்லை.

“வேணாம்ணா” என்றாள். “எனக்கு இப்ப பிடிக்காமலே நடக்க வருது.”

“படுக்கையறையில மட்டுமாவது?”

“வேணாம்.”

“சமையலறையில?”

“வேணாம்ணா.”

வெல்டிங்காரர் டேப்பை இழுப்பதும் விடுவதுமாக நின்றார். அண்ணன் முகம் விழுந்துவிட்டது. கடையில் வாங்கிய பொம்மையைக் குழந்தை வாங்க மறுத்தால் எப்படி விழுமோ அப்படி. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: “பாத்ரூம்ல போடுங்க. அங்க ஈரமா இருக்கும். அங்க வேணும்.”

அண்ணன் வெல்டிங்காரரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். குட்டியும் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றாள். வெல்டிங்காரர் சுவரில் டேப்பை வைத்துப் பிடித்துக்கொண்டு திரும்பினார். “எந்த உயரத்துலங்க?”

“இடுப்பு உயரத்துல—” என்று ஆரம்பித்த அண்ணன் பாதியில் நிறுத்திவிட்டார். நிறுத்தியது அவருக்கே கஷ்டமாகத்தான் இருந்தது. உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டார்.

குட்டி உள்ளே போனாள். தொடையிலிருந்து கையை எடுத்து, பக்கத்துச் சுவரில் தனக்கு வாகான இடத்தில் வைத்துக் காட்டினாள். இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. வெல்டிங்காரர் பென்சிலால் அங்கே ஒரு கோடு போட்டார்.

“சரி, அங்கேயே போடு” என்றார் அண்ணன். பிறகு பொறுக்க முடியாமல், “ஆனா கம்பி நல்ல மொத்தமா போடுப்பா. காசைப் பார்க்காதே” என்றார்.

“மெல்லிசா போடுங்க” என்றாள் குட்டி. “என் கைக்கு அதுதான் பிடிபடும்.”